வெள்ளை எலியை ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்த்து வாங்கலாமா?

உங்கள் மகள் வெள்ளை எலி ஜோடி கேட்கிறாள், குட்டி போட்டால் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆனால் இரண்டும் பெண்ணாக இருக்கட்டும், அல்லது இரண்டும் ஆணாக. ஒற்றையாக வாங்க வேண்டாம். எலி கூட்டமாக வாழ்கிற பிராணி, தனியாக விட்டால் வாடிவிடும்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் மகனுக்காக "இரண்டுமே பெண்" என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கி வந்தேன். பெண்தான். ஆனால் ஒன்று ஏற்கெனவே சினையாக இருந்தது. எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு காலை கூண்டைப் பார்த்தால் 11 குட்டிகள்! ரோமமில்லாத இளஞ்சிவப்பு உடம்பு, மூடிய கண். பால் குடித்த குட்டியின் வயிற்றில் தோலுக்குள்ளே வெள்ளைப் பட்டை தெரியும். அது தெரிந்தால் தாய் பால் கொடுக்கிறாள் என்று நிம்மதியாக இருக்கலாம்.

தோட்டத்து லயன் வீட்டில் அரிசி மூட்டையைக் கடிக்கிற எலிகளோடு ஐம்பது வருஷம் மல்லுக்கட்டியவர் என் பாட்டி. அவரே எட்டிப் பார்த்துவிட்டு, "பெத்தவளுக்கு வெறும் சோத்தைப் போடாதடா, முட்டை அவிச்சுக் குடு" என்றார். அது சரியான யோசனை. பாலூட்டும் எலிக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். எலித் தீவனத்தோடு அவித்த முட்டை, தவ்ஃபூ, கொஞ்சம் கீரை கொடுத்தேன். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் கண் திறந்தது, நாலாவது வாரத்தில் தாமாகச் சாப்பிட்டன. அங்கேதான் நான் தவறு செய்தேன். குட்டிகள்தானே என்று ஆறு வாரம் வரை எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிட்டேன். எலி ஐந்து வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். தாய், உடன்பிறப்பு என்று பார்க்காது. தாயும் இரண்டு பெண் குட்டிகளும் சினையாகி, இரண்டரை மாதத்துக்குள் வீட்டில் 40 எலி. வேண்டுமா என்று விசாரித்தபோது முதலில் போன் போட்டவர்கள் பாம்பு வளர்ப்பவர்கள். கையில் ஏறி உட்காரும் குட்டியைப் பாம்புக்குத் தீனியாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் வீடு தேடி முடிக்க ஏழு மாதம் ஆனது.

அதனால் நாலு வாரம் முடிந்ததும் ஆண்களைப் பிரித்துவிடுங்கள். அந்த வயதில் வாலுக்கு அடியில் விதைப்பை நன்றாகவே தெரியும். வளர்ந்த ஆண் கூடவே இருந்தால் இன்னும் ஆபத்து: குட்டி போட்ட ஒரு நாளுக்குள் தாய் மறுபடி சினையாக முடியும். எத்தனை குட்டி வந்தாலும் அத்தனைக்கும் வீடு இருக்கிறது என்றால் மட்டும் இனப்பெருக்கம் செய்யுங்கள்.

நம் ஊர் வெயில் அடுத்த பிரச்சினை. எலிக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற வால்தான் பெரிதும் உதவும். தகரக் கூரைக்குக் கீழே, காற்று வராத கண்ணாடித் தொட்டியில் வைக்காதீர்கள். கம்பிக் கூண்டு நல்லது. மதியத்தில் தண்ணீர் போத்தலை உறைய வைத்துத் துணி சுற்றி உள்ளே வைப்பேன், அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். மூத்திர நெடி எலியின் நுரையீரலைக் கெடுக்கும், அதனால் விரிப்பை அடிக்கடி மாற்றுங்கள். கண்ணோரம் சிவப்பாகக் கசிந்தால் இரத்தம் என்று பயப்பட வேண்டாம், அது சுரப்பி நீர். ஆனால் தொடர்ந்து வந்தால் நோயோ மன அழுத்தமோ இருக்கலாம்.

செம்பனைத் தோட்டத்துப் பக்கம் வீடு என்றால் காட்டு எலி கூண்டருகே வர விடாதீர்கள். அதன் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும், மனிதருக்கும் வரும். எலி மருந்து வைத்த இடத்தில் உங்கள் எலியை உலவ விடவே கூடாது. எலியால் வாந்தி எடுக்க முடியாது, விழுங்கினது உள்ளேயே தங்கிவிடும்.

ஆயுள் இரண்டு, மூன்று வருஷம்தான் என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பெண் எலிக்கு மார்பில் கட்டி வருவது சாதாரணம். எங்கள் தாய் எலிக்கும் வந்தது. இங்கே எலி பார்க்கிற கால்நடை மருத்துவர் கிடைக்காமல் ஈப்போவுக்குக் கொண்டுபோனேன். நீங்கள் வாங்குவதற்கு முன்பே பக்கத்தில் யார் எலி பார்ப்பார்கள் என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.