பதில்: 'டீடூர்' (1945) ஏன் கிளாசிக்?

இந்த அமெரிக்கப் படம் யூடியூப்ல பார்த்தப்போ மங்கலா இருந்தது, அமெரிக்கக் கார்ல இடப்பக்கம் இருக்க வேண்டிய டிரைவர் ஒரு காட்சியில வலப்பக்கம் இருக்கார், இதுல என்ன இருக்குன்னு கேட்டிருந்தீங்க. முதல்ல பிரிண்ட்டை மாத்துங்க. காப்புரிமை போன படம், அதனால தேய்ஞ்ச நகல்கள்தான் எங்கேயும் சுத்துது. 2018-ல 4கே-வில் மீட்டெடுத்தாங்க, அதைத் தேடுங்க.

டிரைவர் விஷயம், நெகட்டிவை இடவலம் திருப்பிப் போட்டதால வந்தது. நியூயார்க்ல இருந்து மேற்கே போற கதாநாயகன் ஆல், வரைபடத்துல மாதிரி, திரையில வலமிருந்து இடமா நகரணுமே! நியூயார்க் தெருவுல அந்தப் பனிமூட்டமும் செட் இல்லாததை மறைக்கத்தான். படத்தை எடுத்த பி.ஆர்.சி. மாதிரி ஏழை ஸ்டுடியோவுக்கு வேற வழி?

ஆரம்பத்துல வர்ற சாப்பாட்டுக் கடைக் காட்சியை மறுபடி போடுங்க. சுத்தி இருட்டாகி, ஆலோட கண்கள்ல மட்டும் வெளிச்சம் நிக்கும். காபிக் கோப்பை பூதாகாரமாத் தெரியும். அப்புறம் வர்றதெல்லாம் அவன் வாக்குமூலம்தான். அவன் சொல்றதை அப்படியே நம்பிட்டா படம் வெறும் தற்செயல்களின் அடுக்காத்தான் தெரியும். ஒவ்வொரு சாவுலயும் அவனுக்குத் தோதான 'விபத்து'. பொய் சொல்றான்னு வெச்சுப் பாருங்க. நடிகை ஆன் சாவேஜ் வந்ததும் படம் அவங்க கைக்குப் போயிடும். மொத்தமே 70 நிமிஷத்துக்குள்ளதான்.