‘பரவாமல் தடுக்கும்’ சீனக் குளிகையை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. நுரையீரல் புற்றுநோய்க்குத் தினம் ஒரு ஜெஃபிடினிப் மாத்திரை சாப்பிடுகிறார். கிள்ளானில் தெரிந்த ஏஜெண்டு ஒருவர் பெர்பெரின் உள்ள சீன மூலிகைக் குளிகை விற்கிறார், போத்தல் 480 வெள்ளி. புற்றுநோய் செல்கள் பரவாமல் தடுக்கும் என்று ஆய்வுக் கட்டுரையையும் காட்டினார். மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கட்டுரை பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது உங்கள் அப்பாவைப் பற்றியதல்ல.

பெர்பெரின், ஹுவாங்லியன் என்ற சீன மூலிகையில் உள்ள மஞ்சள் பொருள்; நம் மரமஞ்சளிலும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களைத் தட்டில் பாய் விரித்ததுபோல் வளர்த்து, நடுவே பிப்பெட் முனையால் ஒரு கோடு கீறுவார்கள். மறுநாள் பார்த்தால் சாதாரணத் தட்டில் செல்கள் நகர்ந்து கீறலை மூடிக்கொண்டிருக்கும். மருந்து ஊற்றிய தட்டில் இடைவெளி அப்படியே கிடக்கும். ‘பரவல் தடுக்கப்பட்டது’ என்பது பல கட்டுரைகளில் இவ்வளவுதான். இதற்கு அதிகம் பயன்படும் ஏ549 என்ற நுரையீரல் புற்றுநோய் செல்லில், இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் கிடையாது. உங்கள் அப்பாவுக்கு ஜெஃபிடினிப் எழுதிக் கொடுத்ததே அந்த மாற்றம் இருப்பதால்தான்.

அளவையும் பாருங்கள். 400 மில்லிகிராம் பெர்பெரின் விழுங்கினால் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு அரை நானோகிராம்கூட ஏறுவதில்லை. தட்டில் ஊற்றுவதோ அதைவிடப் பல ஆயிரம் மடங்கு. ரத்தத்துக்கே வராததால் தீங்கில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். குடலிலும் கல்லீரலிலும் அது நிறையவே தங்கும். ஜெஃபிடினிப்பைச் சிதைக்கும் நொதி இருப்பதும் அங்கேதான். அந்த நொதியின் வேலை கெட்டால் ரத்தத்தில் மாத்திரையின் அளவும் கெடும். ஜெஃபிடினிப்பே, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் வேறு நொதிகளை ரத்தத்தில் ஏற்றக்கூடியது. ரத்தப் பரிசோதனையில் அவை எகிறினால் குற்றவாளி குளிகையா மாத்திரையா என்று மருத்துவருக்குத் தெரியாது. பலன் தரும் மாத்திரையைத்தான் நிறுத்தச் சொல்வார்.

‘சீன மருந்தால் புற்றுநோய் குணமானதே இல்லையா?’ என்று ஏஜெண்டு மடக்குவார். உண்டு. வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்செனிக் ட்ரைஆக்சைடு. 1970-களில் ஹார்பின் நகர மருத்துவர்கள் நாட்டு வைத்தியக் கலவை ஒன்றிலிருந்து அதைப் பிரித்து எடுத்தார்கள். 2000-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஆனால் அது ஒரே ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு. அந்த நோயை உண்டாக்கும் ஒரு புரதத்தைச் சிதைப்பதால் வேலை செய்கிறது. நுரையீரல் கட்டியில் அந்தப் புரதமே இல்லை. எடை பார்த்து நரம்பில் ஏற்றுவார்கள், இதயத் துடிப்பு கெடலாம் என்பதால் இசிஜி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த வெற்றியைச் சொல்லிப் போத்தல் விற்பது மோசடி.

இன்னொரு பொறி: குளிகை சாப்பிட்ட சில நாளிலேயே பசி எடுக்கும், வலி குறையும், ‘பார்த்தீர்களா!’ என்பார்கள். ஸ்டீராய்டு கலந்த போலி மருந்துகள் அப்படித்தான் வேலை காட்டும். முகம் உப்பினாலோ சர்க்கரை ஏறினாலோ சந்தேகப்படுங்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

போத்தலில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, எட்டு இலக்கத்துக்குப் பின் ‘டி’ (T) எழுத்து வருகிறதா, ஹாலோகிராம் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் வரும் பெயர் போத்தலில் உள்ள பெயர்தானா என்பதும் முக்கியம். எல்லாம் சரியாக இருந்தாலும், பாரம்பரிய மருந்துக்கு அந்தப் பதிவு பாதுகாப்பையும் தரத்தையும் மட்டுமே சொல்கிறது, பலனை அல்ல. புற்றுநோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. வாட்சாப்பில் தினமும் வருவதை யார் தடுக்கிறார்கள்? ஐந்து நிமிட கிளினிக்கில் ‘வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்கவும் ஆளில்லை. அதனால் நீங்களே சொல்லுங்கள்: அடுத்த முறை போகும்போது போத்தலைக் கையோடு எடுத்துச் சென்று, மூலப்பொருள் பட்டியல் தெரிய புற்றுநோய்ப் பிரிவு மருந்தாளர் மேசையில் வையுங்கள். வாங்கவில்லை என்றால் ஏஜெண்டின் போத்தலைப் படம் எடுத்தாலே போதும்.