இங்கிலாந்தில் பிராட்பேண்ட் நிறுவனத்தை மாற்றும்போது வீட்டு லேண்ட்லைன் நம்பரை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். கிழக்கு லண்டன் வீடு, பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது, தெருவுக்குப் புது ஃபைபர் வந்திருக்கிறது, அம்மாவின் 020 8 நம்பர் மட்டும் போய்விடக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். இது தினமும் நடக்கிற மாற்றம்தான். ஒரே ஒரு காரியத்தைச் செய்துவிடாதீர்கள்: பழைய நிறுவனத்தை நீங்களே அழைத்து "லைனை நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். உயிரோடு இருக்கும் இணைப்பிலிருந்து நம்பரை எடுத்துப் போவது எளிது. ரத்தான இணைப்பிலிருந்து எடுப்பது பெரிய தலைவலி. ரத்து செய்த பிறகும் ஒரு மாதம் வரை நம்பரைக் கேட்க விதி இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த விதியை கால் சென்டரில் இருப்பவருக்குப் புரியவைப்பதற்குள் உங்களுக்குப் பாதி உயிர் போய்விடும்.

வாசலுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி "அதெல்லாம் முடியாது, புது நம்பர்தான் கிடைக்கும்" என்று சொன்னாராம். அவர் பொய் சொல்லவில்லை, தன் நிறுவனத்தைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறார். நம்பரை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று பழைய நிறுவனம் சொல்ல முடியாது. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஆஃப்காமின் விதி அப்படி. ஆனால் லேண்ட்லைன் சேவையே விற்காத புது நிறுவனத்தை நம்பரை வாங்கிக்கொள் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஃபைபர் மட்டும் தரும் சின்ன நிறுவனங்கள் பல இந்த வகைதான். எனவே விலையைக் கேட்பதற்கு முன் "வீட்டு போன் சேவை இருக்கிறதா, என் நம்பரை அதில் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அது ஆர்டரில் எழுத்தில் வர வேண்டும்.

ஆம் என்றால் வேலை சுலபம். 2024 செப்டம்பர் 12 முதல் இங்கே 'ஒன் டச் ஸ்விட்ச்' என்ற முறை நடப்பில் இருக்கிறது. வீட்டு இணைப்புகளுக்கு நீங்கள் புது நிறுவனத்திடம் மட்டும் பேசினால் போதும். அவர்களே பழையவர்களுக்குச் செய்தி அனுப்பி, உங்கள் கணக்கைக் கண்டுபிடித்து, மாற்றும் நாளில் பழையதை நிறுத்த வைப்பார்கள். மாறிய நாளுக்குப் பிறகு 'நோட்டீஸ் காலம்' என்று சொல்லிப் பழையவர்கள் பணம் கேட்கக் கூடாது. ஒப்பந்தம் முடியாமல் பாதியில் போனால் அதற்கான அபராதம் வேறு விஷயம். உங்களுக்கு அது இல்லை.

இந்த முறையில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: பெயர். கணக்கைக் கண்டுபிடிக்கக் குடும்பப்பெயரையும் முகவரியையும் வைத்துத்தான் பொருத்திப் பார்ப்பார்கள். நம்மில் எத்தனை பேருக்குக் குடும்பப்பெயர் என்று நிலையாக ஒன்று இருக்கிறது? அப்பா பெயர் ஒரு பில்லில், கணவர் பெயர் இன்னொரு பில்லில், பதினேழு எழுத்துப் பெயரில் ஒரு 'எச்' கூடவோ குறையவோ மூன்றாவதில். பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறது என்பது இங்கே செல்லாது. பழைய நிறுவனத்தின் கடைசி பில்லை எடுத்து அதில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, தப்பாக இருந்தாலும், அப்படியே கொடுங்கள். கணக்கு எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

என் பெரியம்மா ஹாரோவில் இருக்கிறார். கணக்கு காலமான பெரியப்பாவின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பணம் மட்டும் பெரியம்மாவின் வங்கியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அவர் பெயரில் ஆர்டர் போட்டால் கணக்கு பொருந்தவே இல்லை. முதலில் பழைய நிறுவனத்திடம் இறப்புச் சான்றிதழைக் காட்டிக் கணக்கைப் பெரியம்மா பெயருக்கு மாற்றி, அது பில்லில் வந்த பிறகு ஆர்டர் போட்டோம். உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

"தம்பி, நம்பர் மாறினால் ஊரிலையிருந்து எனக்கு ஆர் எடுக்கப்போகினம்?" என்பதுதான் பெரியம்மாவின் கவலை. நியாயமான கவலை. பெரியம்மா குடும்பம் 80களில் வந்தபோது லண்டன் முழுக்க ஏரியா கோடு 01. 1990இல் அவர்கள் பகுதி 081 ஆனது, 1995இல் 0181, 2000இல் 020 8. இத்தனை மாற்றத்திலும் கடைசி ஏழு இலக்கம் அசையவில்லை. பருத்தித்துறையில் இருக்கும் அவர் அக்காவுக்கு அந்த ஏழும் மனப்பாடம். வாட்ஸ்அப் வந்துவிட்டதே என்று பிள்ளைகள் சொல்லலாம். ஜிபி என்ற குடும்ப மருத்துவர், மருத்துவமனை, கவுன்சில் எல்லாவற்றிலும் பதிந்திருப்பது இந்த நம்பர்தான்.

சரி, ஆர்டருக்காக உங்கள் விவரத்தைக் கொடுத்ததுமே பழைய நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் அல்லது கடிதம் வரும். நீங்கள் போவதில் வருத்தம் என்று ஆரம்பிக்கும். பலர் அதோடு மூடிவிடுகிறார்கள். மூடாமல் கடைசி வரை படியுங்கள், ஏனென்றால் நம்பரின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. எந்தச் சேவை நிற்கும், எது தொடரும், எது மாறும் என்று அதில் தனித்தனியாக எழுதியிருக்கும். லேண்ட்லைனுக்கு நேரே நம்பர் மாற்றப்படும் என்று இருந்தால் நிம்மதி. சேவை நிறுத்தப்படும் என்று இருந்தால், புது நிறுவனம் உங்கள் ஆர்டரை இன்டர்நெட் மட்டும் என்று பதிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது அழைக்க வேண்டியது புது நிறுவனத்தை. மாற்றும் நாளுக்கு முன் ஆர்டரைத் திருத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரத்து செய்து புதிதாகப் போடுங்கள். அந்த நாள் தாண்டிவிட்டால் திருத்துவது கடினம். பழைய நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியை வங்கிக்குக் கொடுத்திருந்தால் அதற்கு என்ன ஆகும் என்பதையும் அதிலேயே பாருங்கள்.

இனி, நீங்கள் பார்க்கும் நிறுவனம் லேண்ட்லைனே தராது என்றால் என்ன செய்வது? நம்பரை மட்டும் தனியாக ஒரு வொய்ப் நிறுவனத்துக்கு, அதாவது இன்டர்நெட் வழியாகப் போன் சேவை தருபவர்களுக்கு, எடுத்துப் போகலாம். ஆண்ட்ரூஸ் அண்ட் ஆர்னால்ட், வொய்ப்போன் போன்றவர்கள் நெடுநாளாக இதைச் செய்கிறார்கள். மாதக் கட்டணம் லேண்ட்லைன் வாடகையைவிடக் குறைவாகவே இருக்கும். ஏடிஏ என்ற சின்னப் பெட்டியை ரூட்டரில் செருகினால் அம்மாவின் பழைய போனே அதில் வேலை செய்யும். கூடவே உங்கள் மொபைலில் ஒரு ஆப் போட்டு அதே நம்பர் உங்கள் கையிலும் ஒலிக்கும்படி செய்துகொள்ளலாம்.

இந்த வழியில் எது முன், எது பின் என்பதில்தான் எல்லாம். செம்புக் கம்பியில் வரும் லைனின் நம்பரை எடுத்துப் போனால் அந்த லைனே முடிந்துவிடும். அதில் ஓடும் பிராட்பேண்டும் கூடவே போய்விடும். அதனால் நம்பரை முதலில் எடுத்தால் வீடு இன்டர்நெட் இல்லாமல் நிற்கும். மாறாக, புது ஃபைபரை ஒன் டச் முறையில் போட்டுப் பழையதை நிறுத்த வைத்தால் நம்பர் போய்விடும். எனவே புது ஃபைபரைப் பழைய இணைப்பைத் தொடாமல் தனி இணைப்பாகப் போடுங்கள். அது ஓடத் தொடங்கியதும் வொய்ப் நிறுவனத்திடம் நம்பரை மாற்றச் சொல்லுங்கள். நம்பர் வந்து சேர்ந்த பிறகு, பழையதில் இன்னும் ஏதாவது மிச்சமிருந்தால் அதை நிறுத்துங்கள். சில வாரம் இரண்டு பில் கட்ட வேண்டியிருக்கும். நான் இதைச் செலவாக நினைப்பதில்லை.

நம்பர் மாறும் நாளில் ஒரு விசித்திரம் நடக்கலாம். மொபைலிலிருந்து அழைத்தால் மணி அடிக்கும், பக்கத்து வீட்டு லேண்ட்லைனிலிருந்து அழைத்தால் இந்த நம்பர் இல்லை என்று வரும். காரணம் இந்த நாட்டின் அமைப்பு. எந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கும் பொதுப் பட்டியல் இங்கே இல்லை. உங்கள் நம்பர் இருக்கும் தொகுதி ஆரம்பத்தில் எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டதோ, அழைப்பு முதலில் அங்கேதான் போகும். வீடு மாறியவருக்கு வந்த கடிதத்தைப் பழைய தபால்காரர் புது முகவரி எழுதித் திருப்பி அனுப்புவது போல, அங்கிருந்துதான் இப்போதைய நிறுவனத்துக்குத் தள்ளிவிடப்படும். அந்த இடத்தில் யாராவது ஒரு பதிவை விட்டுவிட்டால் பாதிப் பேருக்குக் கிடைக்கும், பாதிப் பேருக்குக் கிடைக்காது. அதனால் சோதிக்கும்போது ஒரு மொபைலோடு நிறுத்தாமல், பழைய நிறுவனத்திலேயே இருக்கும் ஒரு நண்பரின் லேண்ட்லைனிலிருந்தும் அழைக்கச் சொல்லுங்கள். வெளியே அழைத்து, எதிரே எந்த நம்பர் தெரிகிறது என்றும் பாருங்கள்; இடையில் தந்த தற்காலிக நம்பர் தெரிந்தால் இன்னும் வேலை முடியவில்லை. புகாரைப் புது நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் வாரக்கணக்கில் இழுத்தால் புகார்களைத் தீர்த்துவைக்கும் கம்யூனிகேஷன்ஸ் ஒம்புட்ஸ்மன் இருக்கிறது, இல்லையென்றால் அவர்கள் சேர்ந்திருக்கும் மற்றத் தீர்வு மன்றம்.

அப்புறம் போன் செருகும் இடம். பழைய நம்பர்தானே, பழைய சுவர் சாக்கெட்டில்தானே போன் இருக்கும் என்று நினைப்போம். ஃபைபரில் அந்தச் சாக்கெட் வெறும் பிளாஸ்டிக். போனின் வயர் ரூட்டரின் பின்பக்கத்தில் போக வேண்டும். சில ரூட்டர்களில் அந்தத் துளை ஒரு சின்ன ஸ்டிக்கருக்குக் கீழே ஒளிந்திருக்கும், நகத்தால் கிளப்ப வேண்டும். பெரியம்மா வீட்டில் கீழே இருந்த போன் உடனே வேலை செய்தது. "மேல்மாடிப் போன் செத்துப்போச்சு" என்று மாலையில் கூப்பிட்டார். மாடிக்கு ஒரு காலத்தில் சுவரோரமாக இழுத்த எக்ஸ்டென்ஷன் வயருக்கு இனி உயிர் இல்லை. ஒரு போனின் பேஸை ரூட்டரோடு இணைத்து, மற்றப் போனை மின்சாரத்தில் மட்டும் செருகும் இரட்டைக் கார்ட்லெஸ் போன் வாங்கினால் இது தீர்ந்துவிடும்.

நிறுவனம் மாறாவிட்டாலும் இது எல்லோருக்கும் வரப்போவதுதான். பழைய செம்பு போன் லைனில் புது இணைப்பு விற்பதை 2023 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். பழைய தொலைபேசி வலையமைப்பை முழுதாக மூட முதலில் 2025 டிசம்பர் என்றார்கள், பிறகு 2027 ஜனவரி இறுதி என்று தள்ளிவைத்தார்கள். இதில் உங்கள் அம்மாவுக்கு முக்கியமானது மின்வெட்டு. பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. புதியது ரூட்டர் அணைந்தால் அணைந்துவிடும். லேண்ட்லைனை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்கு மின்சாரம் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணான 999ஐ அழைக்க வழி செய்து தர வேண்டும் என்பது ஆஃப்காம் சொல்வது. ஆர்டர் போடும்போதே வயதானவர், தனியாக இருக்கிறார் என்று பதியச் சொல்லி பேட்டரி கேளுங்கள். கழுத்தில் போடும் அவசர பொத்தான் வைத்திருந்தால், அந்தப் பெட்டி புது லைனில் வேலை செய்யுமா என்று அதைத் தந்தவர்களிடம் மாற்றத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். வொய்ப் என்றால் 999க்காக வீட்டு முகவரியைப் பதிவது உங்கள் பொறுப்பு.

வாசகர் ஒருவர் கடை லைனின் நம்பரை இப்படி மாற்றலாமா என்று கேட்டிருந்தார். ஒன் டச் வீடுகளுக்கு மட்டும்தான். கடைக்கு நம்பரை மாற்ற ஒரு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதிலும் பெயரும் போஸ்ட்கோடும் பில்லில் உள்ளபடி இருக்க வேண்டும். கார்டு மெஷினும் அலாரமும் அதே லைனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இன்னொருவர் வீடு மாறுகிறாராம், நம்பரும் கூட வருமா என்கிறார். நிறுவனம் மாறும்போது நம்பர் உங்கள் உரிமை, வீடு மாறும்போது அது நிறுவனத்தின் விருப்பம். சென்னையிலும் இப்படிச் செய்யலாமா என்ற கேள்விக்கு: இந்தியாவில் நம்பரோடு நிறுவனம் மாறும் வசதி மொபைலுக்குத்தான், 2011 முதல் நாடு முழுக்க. லேண்ட்லைனுக்குக் கிடையாது.

மாற்றும் தேதியை வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள். ஏதாவது சிக்கினால் திங்கள் வரை அதைப் பார்க்க ஆள் இருக்காது. பழைய நிறுவனத்தின் இணையக் கணக்கு மூடப்படுவதற்குள் கடைசி சில பில்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் உங்களுடையதுதான் என்று காட்டச் சொன்னால் அதைத்தான் கேட்பார்கள்.