பத்திரம் எழுதிக் கேட்பது தவக்குலுக்கு (அல்லாஹ்வையே சார்ந்திருப்பதற்கு) எதிரானதா?

வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரரே. நண்பரின் துணிக்கடைக்கு 3 லட்சம் தரப்போகிறீர்கள். "அல்லாஹ் மேல் பாரத்தைப் போடு, நமக்குள் எதற்குப் பத்திரம்" என்கிறார். எழுதிக் கேட்டால் ஈமான் (இறைநம்பிக்கை) குறைவா என்கிறீர்கள். இல்லவே இல்லை. குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடனை எழுதி, சாட்சி வைக்கச் சொல்வதுதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற நபிமொழி திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

எனக்கு அதைவிட உறுத்துவது, மாதம் 6,000 நிச்சயம் என்று அவர் சொன்னது. கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறித்த தொகை என்றால் அது லாபமில்லை, வட்டி. முளாரபாவில், அதாவது ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போடும் கூட்டில், லாபத்தில் இத்தனை பங்கு என்றுதான் பேசலாம். அவர் தவறில்லாமல் நஷ்டம் வந்தால் போவது உங்கள் முதல், அவருக்குப் போவது உழைப்பு. அதற்கு மனம் தயாரா பாருங்கள்.

என் வாப்பா ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தொகையும் தேதியும் மட்டும் குறித்திருந்தார். கூட்டாளி மௌத்தானதும் (இறந்ததும்) அது கடனா, பங்கா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு குடும்பமும் பெருநாளில்கூட ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை.

பங்கு விகிதம், கணக்குப் பார்க்கும் நாள், பிரிந்தால் எப்படி என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அப்புறம் நல்லதைக் காட்டும்படி அல்லாஹ்விடம் கேட்கும் இஸ்திகாரா தொழுகையைத் தொழுதுவிட்டு முடிவெடுங்கள்.