சிறிய டெரியர்கள்: இணை சேர்ப்பது முதல் குட்டியை ஒப்படைப்பது வரை – கேள்வி பதில்

எங்கள் கெய்ர்ன் டெரியர் பெட்டைக்கு 11 மாதம். இரண்டாவது ஹீட் (இணை சேரும் பருவம்) வந்திருக்கிறது. இந்த முறையே கடுவனோடு சேர்த்துவிடலாமா, மேடம்?

வேண்டாம். பரிசோதனைகளே இன்னும் முடிந்திருக்காது. முழங்கால் சில்லு நழுவுகிறதா என்பதை 12 மாதத்துக்குப் பிறகு பார்த்தால்தான் முடிவை நம்பலாம். இதற்கு எக்ஸ்ரே வேண்டாம். அனுபவமுள்ள மருத்துவர் கையால் அசைத்துப் பார்த்து 0 முதல் 4 வரை தரம் சொல்வார். 0 தவிர வேறு எதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். அடுத்து கண் பரிசோதனை. கெய்ர்னுக்கு மேலும் இரண்டு உண்டு. கல்லீரலுக்குள் போகாமல் ரத்தம் சுற்றிச் செல்லும் பிறவிக் கோளாறைக் கண்டுபிடிக்க, சாப்பிடும் முன்பும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் பித்த அமில அளவைப் பார்க்க வேண்டும். நரம்பு உறையை அழிக்கும் கிராபே நோய்க்கு மரபணுச் சோதனை இருக்கிறது. முதல் ஈத்து 2 வயதை ஒட்டி இருக்கட்டும்.

எங்கள் ஜாக் ரஸ்ஸல் பெட்டைக்கு கண் லென்ஸ் நழுவும் நோயை உண்டாக்கும் பழுதான மரபணு ஒரு பிரதி இருக்கிறது என்று அறிக்கை வந்திருக்கிறது. அப்படியானால் இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்கிவிட வேண்டியதுதானா?

ஒதுக்க வேண்டாம், கடுவனைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மரபணு சுத்தமாக உள்ள கடுவனோடு சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் ஒரு பிரதியைச் சுமக்கும். இரண்டு பிரதி எதற்கும் வராது. இரு பக்கமும் ஒரு பிரதி இருந்தால் நான்கில் ஒன்றுக்கு இரண்டு பிரதியும் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட நாய்க்கு 3 முதல் 8 வயதுக்குள் லென்ஸ் கழன்று, கண் அழுத்தம் ஏறி, பார்வையே போகலாம். அதற்குள் அது இரண்டு மூன்று ஈத்து கொடுத்திருக்கும் என்பதால்தான் கண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது. ஒரு பிரதி மட்டும் உள்ள நாய்களிலும் மிகச் சிலவற்றுக்கு நோய் வருவதுண்டு. ஆண்டுதோறும் கண்ணைக் காட்டுங்கள்.

ஒரு பிரதி உள்ளவற்றை எல்லாம் கழித்துக்கட்டினால் இனத்தின் மரபணுக் கையிருப்பு சுருங்கி, இன்னும் சோதனையே கண்டுபிடிக்கப்படாத வேறொரு நோய் தலைதூக்கும்.

ஒரே சாம்பியன் தகப்பனுக்குப் பிறந்த கடுவனும் பெட்டையும் இருக்கின்றன, தாய் வேறு. தலை அமைப்பு நிலைக்கும் என்று சேர்க்கச் சொல்கிறார்கள், சரியா?

தலை நிலைக்கலாம். ஆனால் மற்ற உறவு எதுவுமே இல்லாவிட்டாலும் அந்தக் குட்டிகளின் உள்ளினக் கலப்புக் கெழு, அதாவது ஒரே மூதாதையின் மரபணு தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு, 12.5 சதவீதம். உடன்பிறந்த இருவரின் குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்தால் அது 6.25 தான். ஈத்தில் குட்டி எண்ணிக்கை குறைவது, பிறந்த வாரத்திலேயே குட்டிகள் சாவது எல்லாம் இந்த வழியில்தான் வரும். அதே தலை அமைப்புள்ள தூரத்து உறவுக் கடுவனைத் தேடுங்கள்.

11-ம் நாளும் 13-ம் நாளும் சேர்த்தும் இரண்டு தடவை சினை பிடிக்கவில்லை. கடுவனிடம் குறையா, மேடம்?

பெரும்பாலும் நாள் தவறியிருக்கும். சில பெட்டைகளுக்கு 8-ம் நாளே முட்டை வெளியாகும், சிலவற்றுக்கு 20-ஐத் தாண்டும். ரத்தக் கசிவு தெரிந்த 5 அல்லது 6-ம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் ஆனால் முட்டை வெளியாக ஏறத்தாழ 2 நாள் இருக்கிறது. 5-ஐ ஒட்டி வந்தால் வெளியாகிவிட்டது. நாயின் முட்டை முதிர மேலும் 2 நாள் வேண்டும், அன்று சேர்ப்பதுதான் சரி. இதில் இன்னொரு லாபம், முட்டை வெளியான நாளிலிருந்து 63 நாள், ஒன்று முன்பின் என்று பிரசவத் தேதியைச் சொல்லிவிடலாம்.

இரு நாய்களுக்கும் புருசெல்லா என்ற பாக்டீரியாவுக்கான சோதனை முடித்துவிட்டுத்தான் இதெல்லாம். அந்தக் கிருமி கருச்சிதைவை உண்டாக்கும், மனிதருக்கும் தொற்றும்.

பிரசவ நேரத்தில் எவ்வளவு பொறுக்கலாம், எப்போது ஓட வேண்டும்?

55-ம் நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்து மண்டை ஓடுகளை எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். எத்தனை என்று தெரியாமல் காத்திருப்பதுதான் பாதி ஆபத்து. ஒற்றைக் குட்டியாக இருந்தால், அது பெரிதாக வளர்ந்துவிடும். வலியைத் தொடங்கிவைக்கும் ஹார்மோன் தூண்டலும் போதாமல் போகலாம். அறுவை தேவைப்படலாம் என்று மருத்துவரிடம் முன்பே பேசிவையுங்கள். ஸ்காட்டிஷ் டெரியருக்கு இடுப்பெலும்பு தட்டை, அதனால் அந்த இனத்தில் சிசேரியன் சகஜம்.

58-ம் நாளிலிருந்து காலை, மாலை ஆசனவாய் வெப்பநிலை குறியுங்கள். 37.2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் பிரசவம். இறங்கி ஒருநாள் ஆகியும் அசைவில்லை என்றால் கிளம்புங்கள். பலமாக முக்கியும் 30 நிமிடத்தில் குட்டி வராவிட்டாலும், உள்ளே குட்டி இருக்கும்போதே 2 மணி நேரம் இடைவெளி விழுந்தாலும் கிளம்புங்கள். முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வந்தால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியை வீட்டில் போடாதீர்கள். குட்டி குறுக்கே அடைத்துக்கொண்டிருந்தால் கருப்பை கிழியும்.

சினை நாய்க்குக் கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா?

கூடாது. வெளியிலிருந்து தொடர்ந்து கிடைத்தால் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடல் குறைத்துவிடும். பிரசவத்துக்குப் பின் பால் பெருகும் 2, 3-வது வாரத்தில் திடீரென்று பற்றாக்குறை விழுந்து வலிப்பு வரும். சிறிய உடல்வாகு நாய்களுக்கே இது அதிகம். சினையின் 5-வது வாரத்திலிருந்து நல்ல குட்டி உணவையே தாய்க்குக் கொடுங்கள், அது போதும். பாலூட்டும் தாய் இரைத்துக்கொண்டு நிலைகொள்ளாமல் விறைப்பாக நடந்தால், குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவமனை.

யார்க்கி (யார்க்ஷயர் டெரியர்) குட்டி பிறந்தபோது 110 கிராம். இரண்டாம் நாள் 98. பால் புகட்டட்டுமா?

முதலில் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். முதல் நாள் 10 சதவீதம் வரை இறங்குவது உண்டு, இது அதைத் தாண்டிவிட்டது. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இருந்தால் குடல் வேலை செய்யாது. புகட்டும் பால் தேங்கும் அல்லது நுரையீரலுக்குள் போகும். ஒரு மணி நேரமாவது எடுத்து மெதுவாகச் சூடேற்றிய பிறகுதான் தாய்ப்பாலோ குட்டிகளுக்கான பால்மாவோ. பசும்பாலில் கொழுப்பும் புரதமும் போதாது. மூக்கு வழியே பால் வந்தால் அண்ணப் பிளவு இருக்கிறதா என்று வாயைத் திறந்து பாருங்கள். பெட்டியில் முதல் வாரம் ஒரு மூலை 30 டிகிரி, மறுமூலை சற்றுக் குளிர்ச்சி. எடை 10 நாளில் இரட்டிப்பாக வேண்டும்.

“டீகப்” யார்க்கி வளர்க்கலாமா?

அப்படி ஒரு இனம் கிடையாது. வளர்ச்சி குன்றிய குட்டிகளைச் சேர்த்துச் சேர்த்து உண்டாக்குவது அது. சர்க்கரை இறங்கி மயங்குவது, திறந்த உச்சிக்குழி, பிரசவிக்க முடியாத இடுப்பு எல்லாம் கூடவே வரும்.

8 வாரத்தில் எது ஷோ குட்டி, எது வீட்டுக்குட்டி என்று எப்படிப் பிரிப்பது?

மேசையில் நிறுத்திப் பார்த்தால் உடல் விகிதமும் தோள் சாய்வும் ஓரளவு தெரியும். ஆனால் 4 முதல் 6 மாதத்தில் பல் மாறும்போது கடிவரிசை தவறலாம். ஆண் குட்டிக்கு ஒரு விதை பைக்குள் இறங்காமலே போகலாம். அதனால் விற்கும்போது “நம்பிக்கையான குட்டி” என்பதற்கு மேல் வாக்கு கொடுக்காதீர்கள். ஓர் ஈத்தில் பெரும்பாலான குட்டிகள் வீடுகளுக்குத்தான் போகின்றன. அங்கே காது நிமிர்ந்ததா மடிந்ததா என்பது பொருட்டல்ல. வெறித்தனமாகக் கடிக்கும் தாய்க்குப் பிறந்ததா என்பதுதான் பொருட்டு. ஷோ ரிங்கில் ஜெயித்த முரட்டுப் பெட்டையை நான் சேர்க்கவே மாட்டேன். 3 முதல் 12 வாரம் வரை குழந்தைகள், மிக்சி சத்தம், நகம் வெட்டுவது, தனியே சிறிது நேரம் இருப்பது எல்லாவற்றையும் பழக்குங்கள்.

ஷோவுக்கு 2 வாரம் இருக்கும்போது பார்டர் டெரியருக்கு முடிவெட்டும் மெஷின் போடலாமா?

போட்டால் கம்பிமுடி மென்மையாகி நிறம் வெளுக்கும். இறந்த முடியை விரலால் பிடுங்கி எடுக்க வேண்டும், புது முடி வளர 8 முதல் 10 வாரம் ஆகும். இந்த ஷோவை விட்டுவிடுங்கள்.

வாங்குபவர்களிடம் என்ன எழுதி வாங்குவது?

வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். பெற்றோரின் பரிசோதனை அறிக்கைகளின் நகல், குடற்புழு மருந்து தந்த தேதிகள், அடுத்த தடுப்பூசி நாள் மூன்றையும் கூடவே கொடுங்கள். யார்க்கி போன்ற மிகச் சிறியவற்றை 10 வாரத்துக்கு முன் அனுப்ப வேண்டாம்.