கேள்வி - பதில்: கல்லூரியில் முதல் மூன்று நாள்

கேள்வி: எங்கள் கல்லூரியில் புதிய மாணவர்களுக்கான மூன்று நாள் அறிமுக நிகழ்ச்சியை இந்த ஆண்டு நான் நடத்த வேண்டும். மொத்தம் 300 பேர். சென்ற ஆண்டு காலையில் நிரம்பி வழிந்த அரங்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி காலி. எதிலிருந்து தொடங்குவது?
- உதவிப் பேராசிரியர், உதகை வட்டம்

பதில்: பஸ் நேரத்திலிருந்து தொடங்குங்கள். மதியம் எழுந்து போனவர்களில் பலர் கூடலூர், பந்தலூர், மஞ்சூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர்களாக இருப்பார்கள். கூடலூர் ஐம்பது கிலோமீட்டர்தான் என்றாலும் மழைக்காலத்தில் இரண்டு மணி நேரம் ஆகும். சேர்க்கைப் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்திலும் கடைசிக்கு முந்தைய பஸ் எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸை நம்பித் திட்டமிட வேண்டாம். மண் சரிந்தால் அது வராது. நிகழ்ச்சியை மூன்று மணிக்கே முடித்துவிடுங்கள்.

75 சதவீத வருகை விதி, அகமதிப்பெண், அடையாள அட்டை, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் முதல் நாள் காலையிலேயே வந்துவிட வேண்டும். வரவேற்புரைகள் அத்தனைக்கும் சேர்த்து இருபது நிமிடம் போதும். பேச்சாளர் மனம் நோகுமே என்று தயங்காதீர்கள். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு அந்தக் காலைப்பொழுது அவ்வளவு முக்கியம்.

வளாகத்தைச் சுற்றிக் காட்டுவதில்தான் பெரும்பாலும் குளறுபடி நடக்கும். 300 பேரும் ஒரே வாசலில் கிளம்பினால் நூலகப் படியிலேயே நெரிசல். பதினைந்து பேருக்கு ஒரு குழு என்று இருபது குழுக்களாகப் பிரியுங்கள். குழுவுக்கு இரண்டு சீனியர்கள், முடிந்தால் ஓர் அண்ணா, ஓர் அக்கா. நூலகம், அலுவலக கவுன்டர், கழிப்பறை, குடிநீர்க் குழாய், ஓய்வறை என்று பத்து இடங்களைக் குறித்து, இடத்துக்கு இரண்டு குழுக்களாக வெவ்வேறு புள்ளியில் தொடங்கவிட்டு, எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து நகர்த்துங்கள். நடக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும் என்பதால் இதைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

குழு பிரிக்கும்போது ஒரே பஸ் தடத்தில் வருபவர்கள் இருவராவது ஒரே குழுவில் இருக்கட்டும். மறுநாள் காலை பஸ்ஸில் ஒரு தெரிந்த முகம் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

தகர ஷீட் கூரை என்றால் ஜூலை மழையில் மைக் எடுபடாது. காங்கிரீட் கூரையுள்ள வகுப்பறைகளை மாற்றாக வைத்திருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், ஆளுக்கு அரை லிட்டர் கணக்கில் 150 லிட்டர் குடிநீரும் டம்ளர்களும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கேள்வி: நான் மூன்றாமாண்டு மாணவி, வாலண்டியர். கூச்சம் போக ஜூனியர்களை மேடையேற்றிப் பாடவோ ஆடவோ சொல்லலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: வேண்டாம் அம்மா. வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்லி ஒரு மாணவரை வெட்கப்பட வைப்பதும் ராகிங்தான் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறை. உங்களுக்கு விளையாட்டாகத் தெரிவது, கூட்டத்தின் முன் நிற்கும் பிள்ளைக்கு அப்படி இருக்காது. குறிப்பாக, பழங்குடி மாணவர்களிடம் 'உங்க ஆட்டத்தை ஆடிக் காட்டு' என்று ஒருபோதும் கேட்காதீர்கள்.

அதற்குப் பதில் இருவர் இருவராக உட்கார வைத்து, ஆளுக்கு மூன்று நிமிடம் பேசவிடுங்கள். பிறகு ஒருவர் மற்றவரைக் குழுவுக்குள் மட்டும் அறிமுகம் செய்யட்டும்: பெயர், ஊர், எந்த பஸ். தன்னைப் பற்றிப் பேசத் தயங்குபவர்கூடப் பக்கத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்லிவிடுவார். படுகு, மலையாளம், கன்னடம் என எது வசதியோ அதில் பேசட்டும். தமிழில் சொல்ல அருகில் ஒருவர் இருப்பார். ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522ஐ எல்லோரும் கைபேசியில் பதிந்துகொள்ள வையுங்கள், சீனியர்கள் உட்பட.

கேள்வி: மகள் கொடைக்கானலில் பட்டப்படிப்பில் சேர்கிறாள். அறிமுக நாளுக்குக் காரில் போகிறோம். என்ன தயார் செய்ய வேண்டும்?
- வாசகர், இராமநாதபுரம்

பதில்: காருக்கு இ-பாஸ் எடுத்துவிடுங்கள்; அரசுப் பேருந்தில் போனால் அது தேவையில்லை. ஸ்வெட்டர் இரண்டு வேண்டும், ஒன்று நனைந்தால் அங்கே சீக்கிரம் காயாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் உண்டு. மகள் பெயரிலேயே வங்கிக் கணக்குத் தொடங்கி, ஆதாரை இணைத்துவிட்டு மலையேறுங்கள்.