மூன்று மணிச் சோறு

கேள்வி: எனக்கு 24 வயது. திருகோணமலை உப்புவெளியில் கணவர் வீட்டில் இருக்கிறேன். தலைப்பிள்ளை, இப்போது ஐந்து மாதம். பப்பாசி, அன்னாசி, நண்டு, முட்டை எல்லாம் சூடு, கரு தங்காது என்று மாமி தொடவிடுவதில்லை. இரும்புச்சத்துக் குளிசை போட்டால் பிள்ளை கறுக்கும் என்கிறா. கனடாவில் இருந்து பெரியம்மா அனுப்பிய குங்குமப்பூவைப் பாலில் போட்டுத் தருகிறா. கிளினிக்கில் இரத்தம் 9.8 என்றார்கள். குளிசையை நான் விடவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடிந்து மூன்று மணிபோல நான் சாப்பிட்டதும் தேத்தண்ணியோடு போட்டுவிடுவேன். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று விளக்கமாகச் சொல்லுங்கள். (பெயர் வேண்டாம்)

பதில்: மூன்று மணிக்கா, மகள்?

பப்பாசியைப் பிறகு பார்ப்போம். உம்முடைய கடிதத்தில் அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீர் அதை ஒரு குறையாகக்கூட எழுதவில்லை. குளிசை எப்போது போடுகிறீர் என்று சொல்ல வந்த இடத்தில் தானாக விழுந்திருக்கிறது. ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி, காலையில் விழுங்கிய இரண்டு வாய்ச் சாப்பாட்டோடு, மூன்று மணிவரைக்கும் மற்றவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு நிற்கிறீர்.

உப்புவெளி எனக்குத் தெரியாத இடமில்லை. விடியக் கரைக்கு வந்த மீன் பதினொரு மணிக்கு முன் சட்டியில் கொதிக்கும். மூன்று மணிக்கு அந்தச் சட்டியில் என்ன கிடக்கும் என்று நான் சொல்லவா? கொஞ்சம் குழம்பு, ஒரு தலை, இரண்டு வால். முட்டை சூடு என்று மாமி தடுத்தா. மீனை ஒருவரும் தடுக்கவில்லை, ஆனாலும் அது உம்முடைய கோப்பைக்கு வந்து சேரவில்லை. நான் நினைப்பது பிழையென்றால் எழுதும், மன்னிப்புக் கேட்கிறேன். இத்தனை வருடம் இப்படிக் கடிதங்களை வாசித்ததில் பெரும்பாலும் பிழைத்ததில்லை.

கர்ப்பிணிக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 11-க்குக் கீழே இறங்கினாலே இரத்தச்சோகை என்றுதான் கணக்கு. 9.8 என்ற எண்ணைக் குங்குமப்பூவுக்கும் நண்டுக்கும் நடுவில் செருகிவிட்டுப் போயிருக்கிறீர். இரத்தம் குறைந்த உடம்பு பிரசவத்தில் போகிற இரத்தத்தைத் தாங்கமாட்டாது. பிள்ளையும் நாளுக்கு முந்திப் பிறக்கலாம், 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கலாம்.

அடுத்தது அந்தத் தேத்தண்ணி. மாமிக்கு மாறாகக் குளிசையை விடாமல் போடுகிறீர், கெட்டிக்காரி. ஆனால் தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சுவறவிடாது. பாதிக் குளிசையைக் கழிவறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர் என்று வைத்துக்கொள்ளும். குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். கிளினிக்கில் தருகிற விற்றமின் சி குளிசையை இரும்போடு சேர்த்துப் போடும், தேசிக்காய்த் தண்ணியோ ஒரு கொய்யாப்பழமோ கூட இருந்தால் இன்னும் நல்லது. கல்சியத்தை வேறு நேரத்துக்குத் தள்ளிவையும். குளிசையால் கறுப்பது மலம்தான். அதைக் கண்டுதான் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு கிழவி பயந்து கதை கட்டியிருக்க வேண்டும். பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வழியில் வருவது. குங்குமப்பூவால் பாலின் நிறம் மாறும், அவ்வளவுதான். பாலைக் குடியும். பெரியம்மாவிடம் அடுத்தமுறை அந்தக் காசை அனுப்பச் சொல்லும், முட்டை வாங்கலாம்.

இனி நீர் கேட்டவை. நன்றாகக் கனிந்த பப்பாசியால் கரு கலையாது. காயைத் தொடவேண்டாம், அதில் வடிகிற பால் கருப்பையைச் சுருங்கவைப்பதை எலிகளில் கண்டிருக்கிறார்கள், ஆகவே மாமியின் பயம் முழுப் பொய்யுமில்லை. அன்னாசி இரண்டு மூன்று துண்டு ஒன்றும் செய்யாது. நண்டு உமக்கு முன்னர் ஒத்துவந்ததென்றால், நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். முட்டையை மஞ்சட்கரு இறுகும்வரை அவித்து ஒவ்வொரு நாளும் ஒன்று சாப்பிடும். மாமி தடுக்காத ஒன்றை நான் தடுக்கிறேன்: சுறாவும் தளப்பத்தும் வேண்டாம். பெரிய மீன்களின் தசையில் பாதரசம் சேரும். சூடை, நெத்தலி போன்ற சின்ன மீன்களே உமக்குப் போதும். (பிள்ளை பிறந்ததும் பால் ஊறவென்று சுறா வறையோடு ஒரு படையே வரும். அதற்கு இன்னொரு கடிதம் எழுதும்.)

என் மாமியும் பழைய ஆள்தான். தம்பலகாமத்து வீட்டில் அன்னாசி வந்தால் என் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பா. கிரகணமென்றால் கத்தி, அரிவாள் எல்லாம் கட்டிலுக்குக் கீழே போய்விடும். ஆனால் பன்னிரண்டரைக்கு முதல் கோப்பை எனக்குத்தான். மாமா வயலால் வந்து பசியோடு திண்ணையில் இருந்தாலும் அதில் மாற்றமில்லை. நடுத்துண்டு மீனை என் சோற்றுக்குள் புதைத்துத் தருவா, மற்றவர்கள் கண் படக்கூடாதாம். அன்னாசிக்காக நான் அவவோடு ஒரு நாளும் சண்டை பிடிக்கவில்லை. உம்முடைய மாமியோடும் பப்பாசிக்காகச் சண்டை பிடிக்கவேண்டாம். நாளைக்கு அந்தப் பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிக்கவார்க்கப் போவது அவதான்.

கோபம் எனக்கு வேறு ஆளில். கணவர் வீடு என்று எழுதினீர். கணவர் எங்கே? மாமி வருகிறா, கனடாப் பெரியம்மாகூட வருகிறா, அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பகலில் வீட்டில் சாப்பிடுகிறவரென்றால், மனைவி சாப்பிட்டாளா என்று பாராமல் எப்படிக் கைகழுவுகிறார்? வேலைக்குப் போகிறவரென்றால், இரவிலாவது கேட்கிறாரா? தாயிடம் இதைக் கதைக்கவேண்டியவர் அவர். மருமகள் கேட்டால் வாய்க்காரி என்பார்கள். மகன் "அம்மா, இவளுக்கு முதலில் போடுங்கோ" என்றால் பேச்சு அதோடு முடியும். நீரும் நல்ல மருமகள் என்ற பெயருக்காகப் பட்டினி கிடக்கவேண்டாம். வயிற்றில் இருப்பது அந்தப் பெயரைச் சாப்பிட்டு வளராது.

அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போம். வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்கவிடாதேயும். 9.8 என்றால் என்னவென்று குடும்பநல மாது அவருக்கு நேரே சொல்லட்டும். இதற்கிடையில் இளைப்பு வந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ கிளினிக் நாள் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போம். இரத்தத்தைத் திரும்பவும் சோதித்தபின் எனக்கு ஒரு வரி எழுதும். எண்ணோடு, அன்றைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர் என்பதையும் சேர்த்து எழுதும்.